எல்கேஜி குழந்தைக்கு இங்கிலீஷ் வர, வீட்டில் தமிழை நிறுத்தணுமா?

"வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க." பல நர்சரி பள்ளிகளில் பெற்றோருக்குக் கிடைக்கும் அறிவுரை இது. இதனால் பலன் உண்டா?

இல்லை என்பதே மொழி ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 'பெரிசு, சின்னது' தமிழில் புரிந்த குழந்தைக்கு 'பிக், ஸ்மால்' புது வார்த்தை மட்டும்தான். புரியாத குழந்தைக்கு அது வெறும் சத்தம். 'கம், சிட், ஈட்' என்று அரைகுறை ஆங்கிலத்தில் நாம பேச ஆரம்பித்தால் வீட்டில் கதையும் குறையும், கேள்வியும் குறையும்.

இன்னொன்று. ஆங்கில வகுப்பில் சேர்ந்த குழந்தை சில வாரங்கள், சிலசமயம் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கலாம். பெரும்பாலும் பயப்பட வேண்டாம், காதில் வாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் தமிழிலும் பேச்சு வராவிட்டால் டாக்டரைப் பாருங்க.

அப்போ யார் உதவணும்? ஆசிரியர்தான். அங்கேதான் சிக்கலே. தமிழக அரசு 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் பாடம் நடத்தியது, வேறு பள்ளிகளில் இருந்து மாற்றப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள். 2022-ல் அவர்களைத் திரும்ப அனுப்பியபோது வகுப்புகளே நிற்கும் நிலை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், வகுப்புகள் தொடரும் என்றது அரசு. அப்போது தற்காலிக ஆசிரியர்களுக்கு அறிவித்தது மாதம் 5,000 ரூபாய். இந்தச் சம்பளத்துக்கு வருபவர் எத்தனை வருஷம் தங்குவார்?

அரசுப் பள்ளியோ தனியாரோ, சேர்க்கும்போது இதைக் கேளுங்க: "குழந்தை தமிழில் தண்ணி கேட்டால் மிஸ் என்ன செய்வாங்க?" தண்ணியைக் கொடுத்து, 'வாட்டர்' என்று சொல்லிக்காட்டுபவர் நல்ல டீச்சர்.