வலியையும் மறைக்க வேண்டாம், உண்மையையும் மறைக்க வேண்டாம்

திருச்சி, விளையாட்டை நேசிக்கும் ஊர். 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் இருவரும் இம்மாவட்டத்தின் மக்கள். காஜாமலை அண்ணா விளையாட்டரங்கில் ஓடவும் ஆடவும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து வரும் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய ஊரில் ஒரு பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்றால், "விளையாடும்போது அடிபட்டிருக்கும்" என்றே நாம் எண்ணுகிறோம். தைலம் தேய்க்கிறோம், கட்டுப் போடுகிறோம். பெரும்பாலும் நம் கணிப்பு சரியாகவே இருக்கும். எப்போதுமே அப்படி இருப்பதில்லை என்பதே இங்குச் சொல்ல வேண்டிய செய்தி.

எலும்புப் புற்றுநோயின் ஒரு வகையான ஆஸ்டியோசார்கோமா, எலும்பு விரைந்து வளரும் பதின்ம வயதில்தான் அதிகம் தோன்றுகிறது. அது பெரிதும் நாடும் இடம் முழங்காலைச் சுற்றிய எலும்புகள். ஓய்வெடுத்தும் தணியாத வலி, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, மெல்லப் பெருகும் வீக்கம் ஆகியவை இரண்டு மூன்று வாரங்களுக்கு நீடித்தால், எண்ணெய்ப் புட்டியை வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அரிய நோய்தான், ஆயினும் காலம் கடத்துவோரிடம் அது கருணை காட்டுவதில்லை.

கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் கூடைப்பந்து வீரர். 1976ஆம் ஆண்டின் இறுதியில் வலது முழங்காலில் வலி தோன்றியது. ஆட்டப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் மருத்துவமனைக்குச் சென்றபோது ஆஸ்டியோசார்கோமா என்று தெரிந்தது. பதினெட்டு வயதில் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. அதன்பின் பல மாதங்கள் கீமோதெரபி. அப்போது உடனிருந்த சிறுவர்கள் பட்ட துன்பமே அவரை எழுப்பியது. 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நியூஃபவுண்ட்லாந்தில் ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28 அன்று, 22 வயதில் உயிர் துறந்தார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டங்கள் இன்றும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகின்றன.

இந்த வரலாற்றில் பலரும் காணத் தவறுவது அவருடைய குடும்பத்தை. இத்திட்டத்தை அவர் சொன்னபோது தாய் பெட்டி எதிர்த்தார். எந்தத் தாய்தான் எதிர்க்கமாட்டார்! பின்னர் மகனின் உறுதியைக் கண்டு துணை நின்றார். பதினேழு வயதுத் தம்பி டாரல் வழியில் இணைந்து, அண்ணனுக்கும் உடன் வந்த நண்பருக்கும் இடையே எழுந்த பூசலைத் தணித்தார். அச்சத்தை அடக்கிக்கொண்டு பிள்ளையின் விருப்பத்துக்கு வழிவிட்ட குடும்பம் அது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2011 உலகக் கோப்பையின்போது சென்னை சேப்பாக்கத்தில் உடல் நலம் குன்றிய நிலையிலேயே யுவராஜ் சிங் 113 ரன் குவித்தார். பின்னர் புற்றுநோய் உறுதியானது. 2012இல் அமெரிக்காவில் கீமோதெரபி பெற்ற நாட்களில் தாய் ஷப்னம் உடனிருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, அதே சேப்பாக்கத்தில் அவர் மீண்டும் இந்தியாவுக்காக மட்டை பிடித்தார்.

நம் குடும்பங்களில் நடப்பதென்ன? பெரும்பாலும் முதலில் மறைக்கப்படுவது நோயின் பெயர். ஊருக்குத் தெரியக்கூடாது, பெண்பிள்ளையாயின் நாளை நிக்காஹ் தடைபடும் என்ற அச்சம். அடுத்து, நோயுற்ற பிள்ளையிடமே உண்மை மறைக்கப்படுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் தலைமுடி ஏன் உதிர்கிறது என்று தெரியாமலா இருக்கும்? அப்பிள்ளை கைப்பேசியில் தேடி, தனியே அஞ்சி, பெற்றோர் வருந்துவார்களே என்று தானும் மறைக்கத் தொடங்குகிறது. ஒரே வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், தனித்தனியாக. உண்மையை வயதுக்கேற்ற சொற்களில், மருத்துவரின் துணையுடன் சொல்வதே அன்பு.

'ஸப்ரு செய்' என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையுடன் ஆள வேண்டும். அய்யூப் (அலை) அவர்கள் பொறுமையின் சிகரம். அவர்களும் தம் துன்பத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். ஆகவே வலிக்கிறது என்று சொல்வது ஈமானின் குறையன்று. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதைத் தவக்குல் என்று அழைக்க இயலாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு; நிற்க முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். மார்க்கம் இலேசாக்கியதை உறவினர் கடினமாக்கலாமா?

விளையாட்டு வீரரான பிள்ளைக்கு மைதானத்தை இழப்பதும் ஒரு நோய்தான். எனவே, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நடையோ பந்தோ அப்பிள்ளையிடம் இருக்கட்டும். பயிற்சியாளரும் அணித் தோழர்களும் தொடர்பை அறுத்துவிடாமல் இருக்கட்டும். கவனம் முழுவதும் நோயுற்ற பிள்ளை மீது குவியும்போது, தம்பி தங்கையர் மௌனமாக வாடுவதையும் பெற்றோர் காண வேண்டும்.

நோய் விசாரிப்பது சுன்னத். ஆனால் கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்கு, இருமலுடன் வரும் ஒரு விருந்தாளியே ஆபத்து. முன்பே கேட்டு, முகக்கவசம் அணிந்து, சில நிமிடங்களில் விடைபெறுங்கள். அந்நாட்களில் பிள்ளையின் உடல் வெப்பம் 100.4 டிகிரியை எட்டினால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்து கொடுங்கள். இரத்தத் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களே சேமிக்க முடியும் என்பதால் கொடையாளர் மீண்டும் மீண்டும் தேவைப்படுவர். ஜமாஅத் இளைஞர்களும் ஸ்ரீரங்கத்து அண்டை வீட்டாரும் ஒரே பட்டியலில் பெயர் எழுதலாம். குருதிக்குத் தெரு வேறுபாடு இல்லை.

செலவை அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். தகுதியுள்ள குடும்பத்திற்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் ஏழை எளியோருக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது. பயணச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் ஜகாத், ஸதகா நிதியிலிருந்து உதவுவது நம் பொறுப்பு.

டெர்ரியின் காலத்தை விட இன்று மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. பரவுமுன் கண்டறியப்பட்ட பலருக்கு, காலை அகற்றாமலேயே கட்டியை மட்டும் நீக்க முடிகிறது. ஆனால் அந்த வாய்ப்பு, பிள்ளை வலிக்கிறது என்று சொல்லும் முதல் நாளில் நாம் காது கொடுப்பதைப் பொறுத்தது. இன்றிரவு உங்கள் வீட்டில் ஓடி விளையாடும் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்: "எங்காவது வலிக்கிறதா?" நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.