பிக்கப் வண்டியின் கியரும் ஓட்டுநரின் இடக்கையும்

வாகனங்களைப் பற்றிய எழுத்தில் ‘கியர் விழும் உணர்வு’ என்பது கார்ப் பிரியர்களின் பேச்சாகவே இருந்துவருகிறது. கியர் லீவர் எவ்வளவு குறுகிய தூரம் நகர்கிறது, எவ்வளவு துல்லியமாகத் தன் இடத்தில் அமர்கிறது என்பவற்றை விலையுயர்ந்த கார்களை மதிப்பிடுவோர் விரிவாக எழுதுவர். சரக்கு ஏற்றும் பிக்கப் என்று வந்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அதற்கு வேண்டியவை பாரம் தாங்கும் வலிமை, டீசல் சிக்கனம், மாதத் தவணைக்குள் அடங்கும் விலை ஆகிய மூன்று மட்டுமே. கியர் சற்று முரடாக இருந்தால் என்ன என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் முன்பின் மாறிக் கிடக்கிறது. விடுமுறை நாளில் மகிழ்ச்சிக்காகக் கார் ஓட்டுபவருக்குக் கியர் உணர்வு ஒரு சுவை. நாள் முழுதும் கூலிக்காகப் பிக்கப் ஓட்டுபவருக்கு அது உழைப்பின் அளவு. ஆகவே கியர் மாற்றத்தை மென்மையாக்குவது தொழிலாளர் நலனும் சாலைப் பாதுகாப்பும் சார்ந்த பொறியியல் பிரச்சினை.

இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தில் சிறிய வண்டிகளின் இடம் கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாக விரிந்திருக்கிறது. 2005-இல் டாடா ஏஸ் வந்தது. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் ஊர்தோறும் ஓடுகிறது. தில்லி ஆசாத்பூர் சந்தையிலிருந்தும் நவி மும்பையின் வாஷி சந்தையிலிருந்தும் காய்கனிகளைத் தெருக்கடை வரை கொண்டுசேர்ப்பவை இத்தகைய வண்டிகளே. இமாசலத்தில் ஆப்பிள் பருவத்தின்போது தோட்டத்துப் பெட்டிகளைக் குறுகிய மலைப்பாதையில் இறக்குபவையும் இவையே. நெரிசலான நகரச் சாலையில் நிமிடத்திற்கு 2 முறை மட்டுமே கியர் மாற்றுவதாகக் கொண்டாலும், 6 மணி நேர ஓட்டத்தில் 720 முறை இடக்கால் கிளச்சை மிதிக்கிறது. 720 முறை இடக்கை லீவரைத் தள்ளுகிறது. இந்திய வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், இந்த உழைப்பு முழுவதும் பெரும்பாலோருக்கு வலிமை குறைந்த கையின்மீது விழுகிறது. ஒரு கியருக்குத் தேவைக்கு மேல் செலவாகும் விசை சிறிதாகத் தோன்றலாம். அதை 720-ஆல் பெருக்கி, பிறகு ஆண்டின் வேலைநாட்களால் பெருக்கிப் பார்த்தால்தான் அதன் உண்மையான அளவு தெரியும்.

கியர் கனமாக விழுவது ஏன்? கியர் பெட்டியில் சுழலும் இரு பகுதிகளின் வேகம் ஒன்றாக இல்லாதபோது அவற்றைப் பிணைக்க முயன்றால் பற்கள் மோதும். முற்கால ஓட்டுநர்கள் கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் கணித்து இதைச் சமாளித்தனர். 1928-இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் என்னும் ஒத்தியக்க அமைப்பு அந்த வேலையை ஒரு சிறிய கூம்பு வளையத்திடம் ஒப்படைத்தது. லீவரைத் தள்ளும்போது முதலில் அந்த வளையம் கியரின் கூம்புப் பரப்பில் உராய்ந்து, இரு வேகங்களையும் சமமாக்குகிறது. சமமாகும் வரை வளையத்தின் பற்களே வழியை மறித்து நிற்கும். சமமானதும் மறிப்பு விலகி, பிணைக்கும் உறை உள்ளே நழுவுகிறது. இறுதியாக, சுருள்வில்லால் அழுத்தப்பட்ட சிறு குண்டு ஒன்று பள்ளத்தில் அமர்ந்து, கியர் விழுந்துவிட்டது என்ற செய்தியைக் கைக்குத் தருகிறது. ‘உணர்வு’ என்று சொல்லப்படுவது இந்தத் தடை, விலகல், அமர்தல் ஆகிய மூன்றின் வரிசையே. அதில் மந்திரம் ஏதுமில்லை. அளக்கத்தக்க விசையும் தூரமும் காலமுமே உள்ளன.

எனவே சீர்திருத்தமும் அந்த வரிசையை அறிந்தே தொடங்க வேண்டும். கியர் கனமாக இருந்தால் பலரும் கியர் பெட்டியையே குற்றம் சொல்வர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கிளச்சு. சமதளத்தில் கை பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை முழுதாக மிதித்து மாற்றிப் பார்க்க வேண்டும். அணைந்த நிலையில் எளிதாகவும் ஓடும் நிலையில் கனமாகவும் விழுந்தால், கிளச்சு முழுமையாக விடுபடவில்லை என்று ஐயுற இடமுண்டு. கிளச்சு எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். அந்நிலையில் ஒத்தியக்க வளையம் எஞ்சினின் இழுப்பையே எதிர்த்துப் போராடுகிறது. காற்றை வெளியேற்றுவதும் கேபிளைச் சரிசெய்வதும் சிறு செலவில் முடிபவை. அவற்றைச் செய்யாமல் ஓட்டினால் வளையம் தேய்ந்து, செலவு கியர் பெட்டியைப் பிரிக்கும் அளவுக்கு வளரும்.

இரண்டாவது, எண்ணெய். பின் அச்சுப் பெட்டிக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெயை ஊற்றிவிடும் பழக்கம் உண்டு. பின் அச்சின் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்துடன் வழுக்குபவை. அவற்றுக்கான ஜிஎல்-5 வகை எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்கள் மிகுதி. கியர் பெட்டியின் வளையமோ வழுக்கக் கூடாத பகுதி. அது உராய்ந்தால்தான் வேலை நடக்கும். அதோடு, பித்தளை வளையங்களை அத்தகைய சேர்மங்கள் சில அரிக்கவும் கூடும். ஜிஎல்-4 குறிப்பிடப்பட்ட பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவது தரத்தை உயர்த்துவதாகாது. எண்ணெயின் தடிமனும் அப்படியே. மலைப்பகுதியின் குளிர்காலக் காலையில் தடித்த எண்ணெய் கூழ்போல் நிற்கும். பெட்டி சூடேறும் வரை இரண்டாம் கியர் அடம்பிடிக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வகையையும் தடிமனையும் கடைப்பிடிப்பதே இங்கு முதல் மருந்து.

மூன்றாவது, லீவருக்கும் கியர் பெட்டிக்கும் இடைப்பட்ட வழி. ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால் அமரும் வண்டிகளில் லீவர் பெரும்பாலும் நேராகப் பெட்டியின் மேற்பகுதிக்குள் இறங்குகிறது. எஞ்சினுக்கு மேலேயோ முன்னாலோ ஓட்டுநர் அமரும் சிறு வண்டிகளில் பெட்டி பின்னால் இருப்பதால், கேபிளோ கம்பியோ இடையில் வேண்டியிருக்கிறது. இரு அமைப்பிலும் மூட்டுகளில் நைலான் அல்லது ரப்பர் புஷ்கள் உள்ளன. அவை தேயும்போது லீவர் ஆடுகிறது. மூன்றுக்கும் ஐந்துக்கும் எல்லை மங்குகிறது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தளர்ந்தாலும் பெட்டி அசைந்து, லீவரின் வழி மாறுகிறது. பட்டறையில் புதிய கியர் பெட்டியைப் பற்றிப் பேச்சு எழும் பல சமயங்களில், உண்மையில் மாற்ற வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு புஷ்ஷாக இருக்கும்.

இவை யாவற்றையும் விட்டுவிட்டு, லீவரின் நகர்வைக் குறைக்கும் குறுந்தண்டு அமைப்பை வாங்கிப் பொருத்துவது இளைஞர்களிடம் பரவியிருக்கும் வழக்கம். நெம்புகோல் விதி இங்கே யாரையும் விட்டுவைக்காது. நகரும் தூரத்தை 30 விழுக்காடு குறைத்தால், அதே வேலைக்குக் கை தர வேண்டிய விசை ஏறத்தாழ 43 விழுக்காடு கூடும். வேகமாகத் தள்ளும் கை வளையத்திற்கு வேகத்தைச் சமமாக்கும் அவகாசத்தையும் குறைக்கிறது. பந்தயக் காரில் இது ஏற்கத்தக்க பேரம். நாளுக்கு 720 முறை கியர் மாற்றும் பிக்கப்பில் இது ஓட்டுநரின் தோளிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடன்.

வடிவமைப்பு நிலையில் செய்யத்தக்கவையும் புதியவை அல்ல. உராயும் கூம்பை ஒன்றிலிருந்து இரண்டாகவோ மூன்றாகவோ ஆக்கினால், அதே கை விசைக்கு வேகத்தைச் சமமாக்கும் திறன் உயரும். வேக வேறுபாடு மிகுந்த முதல் இரு கியர்களுக்கு மட்டும் இதைச் செய்வது வழக்கத்தில் உள்ள முறையே. கிளச்சுத் தட்டின் சுழல் நிலைமத்தைக் குறைத்தால் வளையத்தின் சுமை குறையும். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்பது மெய். ஆனால் அந்த விலை எங்கே கணக்கிடப்படுகிறது, யாருடைய உடலில் மறைக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இது வெறும் அலுப்பின் கதையும் அன்று. பாரம் ஏற்றிய வண்டி மலையில் இறங்கும்போது, தாழ்ந்த கியரில் எஞ்சினின் எதிர்ப்பே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சரிவின் நடுவே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க முயலும் ஓட்டுநருக்குக் கியர் விழாமல் போனால், வண்டி நியூட்ரலில் நிற்கிறது. எஞ்சின் பிடி அறுபடுகிறது. முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் சூடேற அதன் பிடியும் தளர்கிறது. கியர் விழுமா என்ற ஐயம் உள்ள ஓட்டுநர் கியரை இறக்கவே தயங்குவார். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவது, ‘முரடு’ என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளப்படும் அதே குறைதான்.

இவ்வளவு தெரிந்தும் கவனம் ஏன் குறைவு? வண்டியைத் தேர்ந்தெடுப்பவரும் ஓட்டுபவரும் பல இடங்களில் ஒருவரல்லர் என்பது ஒரு காரணம். விளம்பரத் தாளில் குதிரைத்திறனும் பாரமும் எண்ணாக வருகின்றன. கியருக்குத் தேவைப்படும் கை விசை வழக்கமாக எண்ணாக வருவதில்லை. எண்ணில்லாதது பேரத்தில் எடுபடாது. அரசின் விதிகளிலும் இச்சாய்வைக் காணலாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்-2, என்-3 வகைச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி, ஓட்டுநரின் உடல்நிலை பொறியியலின் பகுதி என்பதை ஏற்றுக்கொண்ட நல்ல அடி. ஆனால் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டாத சிறு பிக்கப்புகள் என்-1 வகையில் அடங்குவதால், அவ்விதியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, தானியங்கிக் கியரும் மின்வண்டியும் வந்துவிட்ட பிறகு இக்கேள்வி தேவையா என்பது. 2014-இல் மாருதி செலேரியோ மலிவான தானியங்கிக் கியரை இந்தியக் கார்களுக்குக் கொண்டுவந்தது. 2022-இல் ஏஸின் மின்வடிவம் அறிமுகமாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இன்று தவணையில் வாங்கப்படும் டீசல் பிக்கப் கைமாறிக் கைமாறிப் பல ஆண்டுகள் ஓடும். நாளைய தீர்வு இன்றைய தோள்வலிக்கு மறுமொழி ஆகாது. மற்றொன்று, ஓட்டுநர்கள் குறை சொல்வதில்லை என்பது. பழகிவிட்ட கை குறையைக் குறையென்று உணர்வதில்லை. உணர்ந்தாலும், வண்டியைப் பழித்தால் வேலை போகும் என்ற நிலையில் அது சொல்லாக வெளிவருவதில்லை. புகார் இல்லாமையைச் சான்றாக ஏற்கும் ஆய்வு, ஆய்வே அன்று.

இங்குதான் கல்விக்கூடங்களின் கடமை தொடங்குகிறது. இயந்திரப் பொறியியல் வகுப்பில் கியர் பெட்டி என்றால் பற்களின் எண்ணிக்கை, விகிதம், தாங்குதிறன் என்ற கணக்குகளே முதன்மை. லீவரின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அந்த வரைபடத்தில் தெரிவதில்லை. லீவர் தலையில் ஒரு விசை உணரியும் ஒரு நகர்வு உணரியும் பொருத்தினால், விசைக்கும் தூரத்திற்கும் உள்ள வளைகோட்டை இளநிலை மாணவர்களே வரைந்துவிடலாம். புதிய வண்டி, 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, புஷ் மாற்றியபின் அதே வண்டி என மூன்று வளைகோடுகளை அடுத்தடுத்து வைத்தால், பட்டறை மெக்கானிக்கின் கை நெடுநாளாக அறிந்திருப்பது முதன்முறையாக எண்ணாகும். அந்த மெக்கானிக்கையும் ஓட்டுநரையும் தகவல் தருபவர்களாக மட்டும் நடத்தாமல், அளவீட்டின் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வது அறிவுக்கும் நேர்மைக்கும் உகந்தது.

எண் கிடைத்தபின் செய்ய வேண்டியவை தெளிவு. கியர் விசையும் கிளச்சு மிதி விசையும் விவரத்தாளில் இடம்பெற வேண்டும். பராமரிப்பு அட்டவணையில் எண்ணெய் மாற்றத்தோடு புஷ், மவுண்ட், கிளச்சு விடுபடும் அளவு ஆகியவற்றின் சோதனையும் சேர வேண்டும். சரக்கு வண்டிகளை மொத்தமாக வாங்கும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி எத்தனை கிலோ சுமக்கும் என்று கேட்கும் சமூகம், அந்த வண்டியை நகர்த்தும் கை நாளொன்றுக்கு எவ்வளவு சுமக்கிறது என்றும் கேட்கத் தொடங்கினால், அதற்கான விடை பொறியியலிடம் ஏற்கெனவே இருக்கிறது.