பாம்புக்கு எது வீடு?

சிவகாசியில் சாத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு ஆஃப்செட் அச்சகம். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடும், இந்தப் பக்கம் குடும்பம் தூங்கும். கல்லூரியில் படிக்கும் மகன் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, ஒரு பால் பைத்தான் வளர்க்கட்டுமா?” என்கிறான். குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது. விஷம் கிடையாது.

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கிறார். “கொல்லையில ஒரு சாரை வந்ததுக்கே தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்ட வீடுடா இது!”

நாய்க்குப் பேர்போன ராஜபாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. பையன் நாய் கேட்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவனோ மீன் தொட்டிக் கடையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்கு விலையே கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

தொட்டிக்கு முன்னால் சட்டம். நம் ஊரில் பிறந்த எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க முடியாது. நல்ல பாம்பு, சாரை, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. அடைத்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ‘இரட்டைத் தலைப் பாம்பு, லட்சக்கணக்கில் போகும்’ என்று காதோடு காதாகச் சொல்லப்படும் மண்ணுளிப் பாம்பை வாங்குவதும் விற்பதும்கூடக் குற்றம்தான். அதற்கு இரண்டு தலையும் கிடையாது. வால் மழுங்கி, தலைபோலத் தெரிவதோடு சரி.

வெளிநாட்டுப் பாம்பு என்றால் கதை வேறு. 2024 பிப்ரவரி 28 அன்று மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிவு. எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் பேரம் பேசி, பஸ் பார்சலில் வரவழைப்பவரிடம் அந்தக் காகிதம் இருக்காது. 2023 ஜனவரியில் பாங்காக்கில் இருந்து வந்து, கேட்பாரற்றுக் கிடந்த பைகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, உள்ளே 45 பால் பைத்தான்களும் 8 கார்ன் ஸ்நேக்குகளும் இருந்தன. எல்லாவற்றையும் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பில் இல்லாமல் விற்கப்படும் பாம்புகளில் பல இப்படிப் பைக்குள் நெளிந்து வந்தவையாகத்தான் இருக்கும்.

சரி, காகிதம் எல்லாம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், கண்ணாடித் தொட்டி சரியா? இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் இருந்து இயங்குகிறது. பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவது தொழில். அரசு அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வருகிறார்கள். சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விட்ட பாம்பையே உடனே பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் உண்டு.

அந்த மூன்று வாரமும் பாம்பு இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் பருத்தித் துணி, சுற்றிலும் இறுக்கிக் கட்டிய கயிறு. கண்ணாடி இல்லை, விளக்கு இல்லை. சுற்றுலா வருபவர்கள் இந்தப் பானை வரிசையைப் பார்த்து, ‘பாவம், இவ்வளவு சின்ன இடத்திலா?’ என்று கேட்பது வழக்கம். மூன்று வாரத்துக்கு மட்டுமான இடம் அது. ஆயுள் முழுக்க வைக்கும் வீடாக அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் பாம்புக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப் பானை தெளிவாகக் காட்டுகிறது. உள்ளே இருட்டு. உடம்பு நாலு பக்கமும் எதிலாவது ஒட்டியிருக்கும். பாம்புக்கு அதுதான் தைரியம். மண் சுவாசிக்கும், ஈரத்தை இழுத்து மெதுவாக ஆவியாக்கும், அதனால் உள்ளே குளிர்ச்சி. துணி வழியாகக் காற்று வரும், பாம்பு வெளியே வராது. கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறுவதும் இதே காரணங்களுக்காகத்தான். பாலும் முட்டையும் தேடி அது அங்கே போவதில்லை.

கண்ணாடித் தொட்டியை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எல்லாமே தலைகீழ். நாலு பக்கமும் வெளிச்சம், ஒளிய இடம் இல்லை, மேலே திறப்பு. மேலிருந்து இறங்கும் கை பாம்புக்குப் பருந்தின் கால். விஷயம் தெரிந்தவர்கள் முன்பக்கம் திறக்கும் பெட்டியைச் சொல்வது அதனால்தான். பிளைவுட் பெட்டி, முன்னால் மட்டும் நகரும் கண்ணாடி, பக்கவாட்டில் காற்றுத் துளை. உள்ளே இரண்டு மறைவிடம், ஒன்று சூடான மூலையில், ஒன்று குளிர்ந்த மூலையில். மானாமதுரைப் பானை ஒன்றைக் கவிழ்த்து, வாசல் மாதிரி ஒரு துண்டு உடைத்து, விளிம்பைத் தேய்த்துவிட்டால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிட நல்ல மறைவிடம். பகலெல்லாம் பாம்பு அதற்குள் கிடக்கும், கண்ணிலேயே படாது. ஹாலில் அலங்காரத்துக்குப் பாம்பு வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சிவகாசிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. பல்பு போடு, சூட்டு விரிப்பு போடு என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். பால் பைத்தானுக்குச் சூடான மூலை 31, 32 டிகிரி, குளிர்ந்த மூலை 26 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் அது தானே நகர்ந்து உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். சித்திரையில் சிவகாசி மாடி அறையில் பல்பு இல்லாமலேயே 37, 38 போகும். கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க உள்ளே கொட்டும். அப்போது பெட்டியின் இரண்டு மூலையும் சூடு, ஓடி ஒதுங்க இடமில்லை. ஜன்னல் வெயில் விழும் கண்ணாடித் தொட்டி என்றால் ஒரு மத்தியானம் போதும், பாம்பு செத்துவிடும். இங்கே பெட்டிக்கு இடம் தரைத்தளத்தில், வெயில் படாத உள்சுவர் ஓரம். சூட்டு விரிப்பு மார்கழி ராத்திரிகளுக்கு மட்டும், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு. பெட்டிக்குள் வெறும் பல்பு கூடவே கூடாது. பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு, தோல் வேகும்வரை நகராது. தவிர, காகிதமும் அட்டையும் குவிந்திருக்கும் வீட்டில், இந்த ஊரில், சூடான பல்பைக் கவனிக்க ஆள் இல்லாமல் விடுவது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈரமும் பிரச்சினை. வானம் பார்த்த பூமி இது, கோடைக் காற்றில் ஈரமே இருக்காது. பால் பைத்தானுக்கு 60 சதவிகிதம் வாக்கில் ஈரப்பதம் வேண்டும். இல்லாவிட்டால் சட்டை முழுசாகக் கழலாமல் துண்டுத் துண்டாக ஒட்டிக்கொள்ளும், கண்மேல் உள்ள மெல்லிய மூடியும் சேர்ந்து நின்றுவிடும். தென்னந்தோப்புப் பக்கம் கிடைக்கும் தேங்காய் நார்த்தூளை லேசாக நனைத்துப் பரப்பினால் ஈரம் நிற்கும். புதிதாக வந்த பாம்புக்கு முதல் சில வாரம் வெறும் காகிதம் நல்லது, கழிவும் உண்ணியும் கண்ணுக்குத் தெரியும். அச்சகத்து வீட்டில் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் துண்டுக்குப் பஞ்சமில்லை. பட்டாசு அட்டைப்பெட்டியை மட்டும் உள்ளே வைக்கக் கூடாது. மடிப்பில் தங்கிய மருந்துத் தூளைத் துடைத்து எடுக்க முடியாது, பாம்பின் வயிறு நாளெல்லாம் அதிலேயே உரசிக்கொண்டிருக்கும்.

அப்புறம் சத்தம். பாம்புக்குக் காது மடல் இல்லை. ஆனால் தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்காதுக்குப் போகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிக்கும் அது அசைகிறது. அச்சு மிஷினோடு ஒட்டிய சுவரில் பெட்டியைச் சாய்த்து வைத்தால் ஓயாத அதிர்ச்சி. பால் பைத்தான் இதற்கெல்லாம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் அடம்பிடிக்கும். பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட வேண்டும். தீபாவளி வாரத்துக்கு வீட்டின் நடு அறைதான் சரி.

பூட்டைப் பற்றிப் பேசாமல் பெட்டியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. பாம்பு ராத்திரி முழுக்க மூக்கால் முட்டிப் பார்க்கும். மூடிமேல் புத்தகம் வைப்பதெல்லாம் செல்லாது. வரிசை வீடுகள் உள்ள தெருவில் நாலடிப் பாம்பு ஒன்று பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போனால், அது ஆப்பிரிக்காவா அம்மாபட்டியா, விஷம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கம்புதான் பேசும். அந்த வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் பயத்திலேயே ஏதாவது ஆகிவிடலாம்.

தப்பிப் போவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைக் கேட்க வேண்டும். செல்லமாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகளைப் பெட்டி போதாமல் சதுப்புநிலத்தில் விட்டார்கள். 1992 புயலில் ஒரு பாம்புப் பண்ணையே உடைந்ததும் சேர்ந்துகொண்டது. அவை அங்கே பெருகி, சின்ன விலங்குகளைத் தின்று தீர்த்தன. கடைசியில் 2017-ல் அந்த ஊர்க்காரர்கள் உதவிக்கு அழைத்தது நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள், அதில் ஒன்று 16 அடி. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அளவைப் பொறுத்தவரை, பாம்பு முழு நீளத்துக்கு உடம்பை நீட்ட இடம் வேண்டும். வளர்ந்த பால் பைத்தானுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். குட்டிக்கு இவ்வளவு வெற்றிடம் மிரட்சி தரும், அதனால் மறைவிடங்களை அதிகமாக வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு பாம்புதான். நன்றாகக் கவனித்தால் 20, 30 வருஷம் இருக்கும்.

முப்பது வருஷம் என்றதும் அப்பா பையனை ஏற இறங்கப் பார்க்கிறார். இவன் வேலைக்கு கோயம்புத்தூரோ சிங்கப்பூரோ போய்விட்டால் பெட்டியைக் கூட்டித் துடைப்பது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. மறுநாள் பையனை அழைத்துக்கொண்டு பஜாருக்குப் போகிறார். “அண்ணாச்சி, அதிகபட்ச சூடு, குறைந்தபட்ச சூடு ரெண்டையும் காட்டுற தெர்மாமீட்டர் இருக்கா?”

பெட்டி வரவேண்டிய மூலையில் அதைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டு. பங்குனி முதல் ஆனி வரை தினமும் மத்தியானம் மூணு மணிக்கு எழுத வேண்டும், அப்புறம்தான் பாம்புப் பேச்சு. பையனும் விடாமல் எழுதுகிறான். சித்திரை இரண்டாம் வாரத்தில் 37-ஐப் பார்த்துவிட்டு, “இந்த ரூம்ல ஒரு ஏசி போட்டா சரியாயிடும்ப்பா” என்கிறான்.

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வருகிறது. “ஏசி போடுறதா இருந்தா முதல்ல இங்க போடுங்க. பாம்பு அப்புறம் வரட்டும்.”