‘பார்டர் சுகர்’தானே என்று அலட்சியமா?
தொப்பையும் பி.பி.யும் கூட்டு சேர்ந்தால் இருதயத்துக்கே உலை!

சென்னை—

“லேசா பார்டர்லதான் இருக்கு. மாத்திரை இப்ப வேணாம்.”

டாக்டர் இப்படிச் சொன்னதும் பலருக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. வெளியே வந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே இரண்டு வடை. பரிசோதனைச் சீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது.

இந்த நிம்மதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. ‘பார்டர் சுகர்’ பெரும்பாலும் தனியாக வருவதில்லை. தொப்பையும் ரத்தக் கொதிப்பும் அதன் கூட்டாளிகள். மூன்றும் ஒரே உடம்பில் புகுந்தால் குறி இருதயம், மூளை, சிறுநீரகம்.

13 கோடி பேர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக, சென்னை டாக்டர் மோகன் குழுவினர் நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்தனர். முடிவு 2023-ல் வெளியானது.

20 வயது தாண்டியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பார்டரில் நிற்பவர்களோ அதைவிட அதிகம்: 15.3 சதவீதம், அதாவது 13 கோடியே 60 லட்சம் பேர்! ரத்தக் கொதிப்பு 35.5 சதவீதம். தொப்பை 39.5 சதவீதம்.

எப்படி நடக்கிறது?

வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர, உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது மிகுந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பிரஷர் ஏறுகிறது.

தலை சுற்றினால்தான் பி.பி. என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் தெரியாது.

டெய்லரிடம் உள்ள டேப்

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை என்றால் பார்டர். அதை மட்டும் பார்த்தால் போதாது. இடுப்பையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் தொப்பைதான். தீபாவளிக்குத் துணி தைக்கும்போது டெய்லர் அளக்கிறார். உடம்புக்காக அளப்பவர் எத்தனை பேர்?

பிரஷர் 140/90-ஐத் தொட்டால் அது ரத்தக் கொதிப்பு. மறுநாளும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

சென்னையில் கிடைத்த சாட்சி

பார்டரில் இருந்த 531 பேரை வைத்து டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. மூன்றே ஆண்டுகளில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆகிவிட்டனர். நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று மாறியவர்களில் அது 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை! ‘எடை இறங்கலையே’ என்று நடையை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசு கிடையாது

கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரும், ஆபீஸ் நாற்காலியை விட்டு எழாத கிளார்க்கும் செய்யக்கூடியது இதுதான்: தினம் அரை மணி வேக நடை. சோறு ஒரு கரண்டி குறைவு, காய்கறி ஒரு கரண்டி கூடுதல். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்குக் கடிவாளம். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகரும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

பார்டரில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. தாண்டிய பிறகு திரும்புவதுதான் கஷ்டம். பீரோவில் கிடக்கும் சீட்டை இன்றைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது.