மிச்ச நூலில் ஒரு குல்லாய்

எண்ணூரில் உட்கார்ந்துகொண்டு கம்பளிக் குல்லாயைப் பற்றி எழுதினால், எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நேயர்கள் நினைப்பார்கள். மார்கழி, தை மாதங்களிலும் நம் ஊர்க் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்குகிறது. அதற்கே காதை மூடிக்கொண்டு பால் வாங்கப் போகும் வீரர்கள் நம்மிடையே உண்டு என்பது வேறு விஷயம்.

பெங்களூரிலிருக்கும் என் தங்கையின் குழந்தைக்குச் சட்டை பின்னி மிஞ்சிய நூலுருண்டைகள் எங்கள் வீட்டுப் பரணில் நெடுநாளாகக் கிடந்தன. சென்ற தை மாதம் பழைய மாணவன் ஒருவன் வந்தான். கப்பலில் மேல்தளத் தொழிலாளி. "முதல் பிரயாணத்தில் வடகடல் துறைமுகம் ஒன்றில், அம்மா கொடுத்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றேன், ஸார். நனைந்ததும் அது பலகை மாதிரி விறைத்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்தான். உடன் வந்திருந்த அவன் தாயார் சிரிக்கவில்லை.

நம் காமராஜர் துறைமுகம் 2001 முதல் இயங்கி வருகிறது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களைத் தினமும் காண்கிறோம். அவற்றிலுள்ள மனிதர்களை நாம் காண்பதில்லை. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில், ஒப்பந்தம் முடிந்தும் கரையேற வழியின்றி உலகெங்கும் சுமார் 4 லட்சம் கடற்பணியாளர்கள் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் பலர்.

நியூயார்க்கிலுள்ள ஸீமென்ஸ் சர்ச் இன்ஸ்டிட்யூட் என்னும் தொண்டு நிலையம் 1898 முதல் மாலுமிகளுக்குக் கையால் பின்னிய கம்பளி உடுப்புகளைச் சேர்த்து அனுப்பி வருகிறது. பின்னுகிறவர்கள் சாதாரணக் குடும்பத்தினரே. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பெரியவர் குல்லாய் ஒன்றுக்குச் சுமார் 80 கிராம் நூல் போதும். நூலில் ஒரு சிறு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: மயிர் பொசுங்கும் வாடை வந்தால் ஆட்டு ரோமம், உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். ரோம நூல் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், எளிதில் தீப்பற்றாது. ஆகவே கப்பலுக்கு அதுவே உத்தமம். மெல்லிய நூலானால் இரண்டைச் சேர்த்துப் பின்னலாம். உச்சியில் குஞ்சம் வேண்டாம். மேலே பாதுகாப்புத் தொப்பி அணியவேண்டுமல்லவா?

"மிச்சத்தைக் கொடுப்பது மரியாதையா?" என்று என் இல்லாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள். முதல் குல்லாயில் நூல்கள் சேர்ந்த இடத்தில் முடிச்சு ஒன்று காதில் உறுத்தும்படி இருந்தது. ஒரு வார வேலையை முழுவதும் பிரித்துவிட்டு, நுனிகளை உள்ளே கோத்து மறுபடி பின்னினாள். "நூல் மிச்சமாயிருக்கலாம், வேலை மிச்சமாயிருக்கக் கூடாது" என்றாள்.

1919 ஏப்ரல் 5-ஆம் தேதி 'லாயல்டி' என்ற சுதேசிக் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளைத் தேசியக் கடல்வாணிப தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். கப்பலைக் கொண்டாடும் நாம் அதிலுள்ள மனிதரின் தலையையும் சற்று நினைக்கலாம்.

மாணவனின் தாயார் இப்போது மாலைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார். ஊசியே பிடித்தறியாத அந்த அம்மாள் மூன்றாவது குல்லாயை ஆரம்பித்துவிட்டார். "ஒன்று போதாதா, அம்மா?" என்று கேட்டேன்.

"என் பிள்ளை மட்டும் போட்டுக்கொண்டு நின்றால், பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் குளிராதா, வாத்தியாரய்யா?" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.