குதுப் மினாரில் நான் மொழிபெயர்க்காத ஒரு வரி

காலாண்டு விடுமுறையில் எங்கள் பகுதியிலிருந்து பதினோரு குடும்பங்கள் தில்லிக்கும் ஆக்ராவுக்கும் போய் வந்தோம். கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அறந்தாங்கி என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்து ஆட்கள். சின்னஞ்சிறுசுகளையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். திருச்சியில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி ஹஜ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்தில் இறங்கினோம். தில்லியைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும் என்பதால் செவ்வாய்க்கிழமையாக வைத்துக்கொண்டோம்.

பஸ்ஸோடு ஒரு வழிகாட்டியையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். ஐம்பது வயது இருக்கும். நல்ல குரல், சிரித்த முகம், வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிடும் குணம். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மதரஸாவில் உர்தூ படித்தவன் என்பதால், அவர் இந்தியில் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டப்படிப்பில் வரலாறும் படித்திருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் குதுப் வளாகம். கிழக்கு வாசலில் நின்று அவர் சொன்னார்: "இந்த மஸ்ஜிதை இருபத்தேழு கோயில்களின் கற்களால் கட்டினார்கள்." இரண்டு வாக்கியம் தள்ளி, "உங்கள் ஆட்கள்" என்று ஒரு சொல்லும் வந்தது. அதில் வன்மம் இருந்ததாக எனக்குப் படவில்லை. தினமும் சொல்லிப் பழகிய வாய்.

நான் அந்த வரியை விட்டுவிட்டேன். "இது குத்புத்தீன் ஐபக் காலத்துப் பள்ளிவாசல், தில்லியின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று" என்று மட்டும் தமிழில் சொல்லி எல்லோரையும் உள்ளே அனுப்பினேன். பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை என் பக்கத்தில் வந்தாள். அறந்தாங்கிப் பக்கம் சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்தி கொஞ்சம் தெரியும்.

"ஹஜ்ரத், அவரு சத்தாயீஸ்னு ஏதோ சொன்னாரே. நீங்க அதைச் சொல்லலையே?"

என்ன பதில் சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. "அது ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

ஒண்ணுமில்லாத விஷயமா அது? அந்தக் கிழக்கு வாசலிலேயே பாரசீக மொழியில் கல்வெட்டு இருக்கிறது. இருபத்தேழு கோயில்களின் பொருள்கள் இந்தப் பள்ளிவாசலுக்குப் பயன்பட்டன என்று சொல்வது அதுதான். எதிரிகள் கட்டிவிட்ட கதை அல்ல; கட்டியவர்கள் பொறித்து வைத்தது. உள்ளே தூண்களைப் பார்த்தால் சங்கிலியில் தொங்கும் மணி, முகம் சிதைந்த உருவங்கள் எல்லாம் தெரிகின்றன. அந்தப் பிள்ளை அதையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். நமக்கே எதிராகப் போனாலும் சாட்சியை மறைக்கக் கூடாது என்று மிம்பரில் நின்று எத்தனை ஜும்ஆவில் பேசியிருப்பேன்! ஒரு சின்னப் பிள்ளை கேட்டபோது மறைத்துவிட்டேன்.

இதன் விளைவு பத்து நிமிடத்தில் தெரிந்தது. மினாரின் அடியில் நின்று வழிகாட்டி அடுத்த கதையைத் தொடங்கினார். இந்தக் கோபுரத்தை 5-ஆம் நூற்றாண்டில் விக்கிரமாதித்தன் சூரியனை ஆராயக் கட்டினான், சுல்தான்கள் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டார்கள் என்றார். 2022-இல் தொல்லியல் துறையின் முன்னாள் அதிகாரி ஒருவர் கிளப்பிவிட்ட பேச்சு இது. இதற்கு ஆதாரம் இல்லை. ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் மேல் மாடிகளைக் கட்டி, இடி விழுந்து சேதமானதை 1369-இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் பழுதுபார்த்த கட்டடம் அது. வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூண்தான் குப்தர் காலத்தது. இதை நான் எல்லோர் முன்னாலும் மறுத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் விஷயத்தை மறைத்தவர் இரண்டாவதை மட்டும் பொய் என்கிறாரே என்று அவள் நினைத்திருந்தால், அதில் தப்பே இல்லை.

எல்லோரையும் புல்தரையில் உட்காரவைத்து அந்த இருபத்தேழைச் சொன்னேன். முதலில் சலசலப்பு. "அப்படியெல்லாம் இருக்காது ஹஜ்ரத், இப்ப எழுதிவச்சிருப்பாங்க" என்றார் ஒரு பெரியவர். "அவங்க மட்டும் இடிக்கலையா? சமணப் பள்ளியெல்லாம் என்னாச்சு?" என்றார் ஒரு இளைஞர். வாட்ஸ்அப்பில் நம் சமுதாயம் வைத்திருக்கும் பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டும்தான். முதலாவது கல்வெட்டின் முன் நிற்காது. இரண்டாவது உண்மைதான், ஆனால் அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

நான் சொன்னது வேறு. ஒரு சுல்தான் வெற்றிக் களிப்பில் செய்தது மார்க்கமாகிவிடாது. அபகரித்த நிலத்தில் பள்ளிவாசல் எழுப்பக் கூடாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் முதலாண்டு மாணவனும் படிக்கும் சட்டம். ஜெருசலம் வசமானபோது, அங்கிருந்த தேவாலயத்துக்குள் தொழ கலீஃபா உமர் (ரலி) மறுத்துவிட்டார். தான் தொழுத இடம் என்று சொல்லிப் பின்னால் வருபவர்கள் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வரலாற்று நூல்கள் சொல்லும் இந்தச் செய்தியை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த அளவுகோலை ஐபக்குக்கும் வைக்க வேண்டாமா?

அதே மினாரில் இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. ஃபிரோஸ் ஷா காலத்துப் பழுதுபார்ப்பு வேலையைச் செய்த சிற்பிகள் நாகரி எழுத்தில் தங்கள் கணக்கைப் பொறித்திருக்கிறார்கள். வேலை விசுவகர்மாவின் அருளால் முடிந்தது என்கிறார்கள்; நானா, சால்ஹா என்று பெயர்களும் உண்டு. சுல்தானின் மினாரில் இந்துக் கொத்தர்கள் தங்கள் தெய்வத்தின் பெயரை எழுதினார்கள். யாரும் அதைச் செதுக்கி எறியவில்லை. கிழக்கு வாசலும் இந்த வரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டினால் எந்தப் பக்கம் நின்று காட்டினாலும் அரைக் கதைதான்.

இப்போது ஏன் இது அவசரம் என்றால், பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தைச் சொல்லித்தரும் பாடப்புத்தகமே மாறிக்கொண்டிருக்கிறது. 2023-இல் என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை எடுத்தது. 2025-இல் ஏழாம் வகுப்பிலிருந்து தில்லி சுல்தான்களும் முகலாயர்களும் நீங்கி, ஜூலையில் வந்த எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வேறு தொனியில் வந்திருக்கிறார்கள். பாபர் இரக்கமற்ற வெற்றியாளர், அக்பரின் ஆட்சி கொடுமையும் சகிப்பும் கலந்தது என்கிறது அந்தப் புத்தகம். பாபரின் அறிவுத் தேடலையும் சொல்கிறது. அன்று நடந்ததற்கு இன்று வாழும் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று ஒரு குறிப்பும் வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பு எத்தனை வகுப்பறைகளில் வாசிக்கப்படும் என்பதுதான் என் கவலை. எங்கள் பஸ்ஸில் வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை பாபர் பற்றிய வரியைச் சொன்னாள். குறிப்பு அவளுக்கு நினைவில் இல்லை.

நீதிமன்றத்திலும் இதே வரலாறுதான் நிற்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று வழிபாட்டிடம் எப்படி இருந்ததோ அப்படியே தொடர வேண்டும் என்று 1991 சட்டம் சொல்கிறது. இருந்தும் வாரணாசியில் ஆய்வு நடந்தது. 2024 நவம்பரில் சம்பல் ஷாஹி ஜாமிஆ மஸ்ஜித் ஆய்வின்போது உயிர்கள் போயின. அதன் பிறகு டிசம்பர் 12 அன்று, புதிய வழக்குகளைப் பதிவு செய்யக் கூடாது, நிலுவையில் உள்ள வழக்குகளில் ஆய்வுக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை போட்டது. குதுப் வளாகம் இந்த 1991 சட்டத்துக்குள் வராது என்பது பலருக்குத் தெரியாது. 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் சின்னங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அங்கே பூஜை நடத்த அனுமதி கேட்டுத் தொடுத்த வழக்கில், பாதுகாக்கப்பட்டபோது வழிபாடு இல்லாத சின்னத்தில் புதிதாக வழிபாட்டைத் தொடங்க முடியாது என்று தொல்லியல் துறையே 2022 மே மாதம் எதிர்த்தது. அதே மே மாதத்தில் அந்த வளாகத்து முகலாயப் பள்ளிவாசலில் நடந்துவந்த தொழுகையும் நிறுத்தப்பட்டது. பூட்டிய கதவைத்தான் நாங்கள் பார்த்தோம்.

அடுத்து ஹுமாயூன் மக்பராவில் நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு ஒரு கம்பளக் கடையில் ஒன்றரை மணி நேரம். (கடைக்காரர் தேநீர் கொடுத்தார், கம்பளம் யாரும் வாங்கவில்லை, வழிகாட்டியின் முகம் கொஞ்சம் வாடியது.) மக்பராவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அத்தாவிடம் கேட்டதுதான் எனக்கு நாளின் பெரிய கேள்வி: "இவங்க நம்ம ராஜாவா அத்தா?"

அத்தா என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். புதுக்கோட்டையை ஆண்டவர்கள் தொண்டைமான்கள். நம் கடற்கரை ஊர்களுக்கு இஸ்லாம் வாளோடு வரவில்லை, மரக்கலத்தில் சரக்கோடு வந்தது. முகலாயப் படை தமிழ்நாட்டுப் பக்கம் வந்து செஞ்சியை முற்றுகையிட்டதே 1690-இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே பாங்கொலி கேட்டிருக்கிறது. இதே மக்பராவில்தான் தாரா ஷிகோவை அடக்கினார்கள் என்கிறார்கள். 1659-இல் அவரைக் கொல்லச் செய்தவர் தம்பி ஔரங்கசீப். அண்ணன் தம்பி இருவரும் முஸ்லிம்கள். அது தீனுக்கான சண்டை இல்லை, சிம்மாசனத்துக்கான சண்டை. அவர்களுக்காக நாம் பெருமைப்படவும் வேண்டாம், அவர்களுக்காக நம் பிள்ளைகள் தலைகுனியவும் வேண்டாம்.

1857 செப்டம்பரில் பகதூர் ஷா ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் அங்கேதான். செங்கோட்டையில் அவரை விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1862-இல் அங்கேயே மௌத்தானார். அதே செங்கோட்டையில் 1945-இல் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் ஒன்றாக நிறுத்தி இந்திய தேசிய ராணுவ வழக்கை நடத்தினார்கள். மலாயாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். எங்களோடு வந்தவர்களில் பாதிக் குடும்பங்களுக்கு மலாயா சம்பாத்தியத்தில் கட்டிய வீடு இருக்கிறது. வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, சத்தா பஜாரில் வளையல் வாங்க அரை மணி நேரம் கொடுத்தார். அஸர் நேரம் ஆகிவிட்டதால் நானும் அதிகம் பேசவில்லை. ஜாமிஆ மஸ்ஜிதில் தொழுதோம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களை ஏற்றிவிட வந்தபோது தனியாகப் பேசினேன். அந்த நாகரிக் கல்வெட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. "ஜனங்கள் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதைச் சொல்கிறோம், மௌலானா" என்றார். கைபேசியில் குறித்துக்கொண்டார்.

ஊர் திரும்பும் ரயிலில் அந்த இளைஞர் மறுபடியும் சமணப் பள்ளிக் கதையை எடுத்தார். நம் மாவட்டத்திலேயே இருக்கிறதே என்றேன். நார்த்தாமலை மேலமலையில் ஒரு குடைவரை. பெயர் சமணர் குடகு. இன்று உள்ளே நிற்பவை பன்னிரண்டு திருமால் உருவங்கள். சமணரிடமிருந்து வைணவருக்குப் போன இடம். அதைத் திருப்பிக் கேட்டு யாரும் வழக்குப் போடவில்லை, ஊரும் சண்டை போடவில்லை. திருமயத்தில் இன்னொரு பாறை. ஒரே குன்றில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. இரண்டு தரப்புக்கும் நெடுநாள் தகராறு. 1245-இல் ஒய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று முடிவு செய்து பாறையில் வெட்டி வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றத்து சிக்கந்தர் மலையை வைத்துக் கூட்டம் கூட்டினார்களே, அந்த மலைக்கும் இந்தத் திருமயத்துக்கும் இரண்டு மணி நேரப் பயணம்தான்.

"திருமயம் கோட்டைக்கு ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. பீரங்கி மட்டும்தான் காமிச்சாங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

எங்கள் ஜமாஅத்தில் பேசியாகிவிட்டது. மக்தப் பிள்ளைகள் முப்பது பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம், காட்டுபாவா பள்ளிவாசல், திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் என்று ஒரே நாளில் கூட்டிப்போகிறோம். பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகள் பத்துப் பேரையும் அவர்கள் பெற்றோர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மத்திய சுற்றுலாத் துறை இணையத்தில் நடத்தும் வழிகாட்டிப் பயிற்சியில் சேர்வதற்கு எங்கள் ஊர்ப் பட்டதாரிகள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், விவரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஞாயிறுக்கு மட்டும் வழிகாட்டி நான்தான். சமணர் குடகு வாசலில் என்ன சொல்லப் போகிறேன் என்று அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். கேள்விகளை எழுதிக்கொண்டு வருவாளாம்.