ஏரியைக் காத்தவரின் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது

வேடந்தாங்கலில் பறவை சீசன் முடியும் தறுவாயில் இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் நத்தைகுத்தி நாரையும் குஞ்சுகளைப் பறக்கப் பழக்கிக்கொண்டிருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், கையில் பறவைப் படங்கள் அச்சிட்ட கையேடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பறவையின் பெயர் தெரிந்த பிள்ளை நாளைக்கு ஏரியைத் தூர்க்க வரும் லாரியைப் பார்த்துக் கேள்வி கேட்கும். நம் கேள்வி வேறு. மதுராந்தகம் வட்டத்துச் சேரிப் பிள்ளைகளை இப்படி ஏற்றிக்கொண்டு போக எந்தப் பேருந்து வருகிறது?

கோடை விடுமுறையும் நெருங்கிவிட்டது. இனி இயற்கை முகாம், சாகச முகாம் என்று துண்டறிக்கைகள் வரும். கூடாரம் அடிக்க, கயிற்றில் முடிச்சுப் போட, திசை பார்க்க, நீந்த, மலையேறக் கற்றுத் தருவார்கள். கட்டணத்தைக் கேட்டால் விவசாயக் கூலி வேலை செய்யும் தாய் அந்தத் துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுவார். அரசுப் பள்ளிகளில் சாரணர் இயக்கம் இருக்கிறது, தேசிய பசுமைப் படை இருக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் நாளில் ஒரு மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிடுகிறது.

'சேரிப் பிள்ளைகள் வயலுக்கும் ஏரிக்கும் நடுவில்தானே வளர்கிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனியாக இயற்கைக் கல்வி?' என்று கேட்பவர்கள் உண்டு. ஏரி பக்கத்தில் இருப்பது வேறு, ஏரியில் இறங்க முடிவது வேறு. இந்த வித்தியாசத்தைச் சட்டமன்றத்தில் பேசியவர் இந்த மண்ணில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொது இடங்கள் எதிலும் எந்த வகுப்பாரும் செல்லத் தடையில்லை என்ற தீர்மானத்தை அவர் 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அடுத்த மாதமே அது அரசாணையானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை எல்லாவற்றையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் ஆறு, ஓடை, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்றே சொல்கிறது.

சட்டப்படி நூறு ஆண்டுகளாகத் திறந்திருக்கும் அந்தத் தண்ணீரில் நம் பிள்ளைகள் நீந்தப் பழகினார்களா? கிராமத்தில் நீச்சல் பழகும் இடம் பாசனக் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி டின்னையோ கட்டி, அண்ணனோ மாமாவோ மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நாலைந்து நாளில் பிள்ளை மிதந்துவிடும். ஆனால் கிணறு நிலம் வைத்திருப்பவருடையது. சொந்தக் கிணறு இல்லாத தெருவின் பிள்ளை அடுத்தவர் கிணற்றில் குதித்தால் அது வெறும் குறும்பாக முடிவதில்லை, ஊர்ப் பிரச்சினையாகிறது. 'தீட்டு' என்ற சொல்லை இப்போது வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். 'மோட்டார் கெட்டுப் போகும்', 'கிணற்றில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு' என்பார்கள். விரட்டப்பட்ட பிள்ளை எங்கே போகும்? யாரும் காவல் இல்லாத இடத்துக்குப் போகும். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைக்கும், மண் அள்ளிய பள்ளத்துக்கும்.

இங்கேதான் சாவு காத்திருக்கிறது. ஏரியின் தரை இயல்பாக மெதுவாகச் சரியும். முழங்கால் அளவு, இடுப்பளவு, மார்பளவு என்று கால் தானாகவே எச்சரிக்கும். சவுடு மண் அள்ளும் இயந்திரம் இறங்கிய ஏரியில் அந்த எச்சரிக்கை இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போகிற பிள்ளைக்கு அடுத்த அடியில் தரை இல்லாமல் போகிறது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று அக்காளும் தங்கையும் சேர்ந்தே மூழ்கிய செய்திகளை மாவட்டப் பக்கங்களில் ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். இறந்தவர்களில் துணி துவைக்கப் போன பெண்கள் உண்டு. ஆடு, மாடு குளிப்பாட்டப் போன சிறுவர்கள் உண்டு. நிவாரணத் தொகை அறிவிப்பதோடு அந்தச் செய்தி முடிகிறது. அளவுக்கு மேல் தோண்டியவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. ஏரித் தண்ணீரை மற்ற எவரையும் விட நன்றாக அறிந்திருந்தவர்கள் யார்? நம் பக்கத்து ஏரிகளில் நீர்க்கட்டி, தெற்கே நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர்கள். பெரும்பாலான ஊர்களில் இந்தப் பொறுப்பு ஆதிதிராவிடர் குடும்பங்களிடம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் விளக்கோடு கரை நெடுக நடந்து நண்டு வளையையும் எலி வளையையும் தேடி அடைத்தவர் அவர். மூச்சடக்கி மூழ்கி மதகு திறந்தவர் அவர். கலங்கல் எப்போது வழியும், எந்த வாய்க்காலில் எத்தனை நாழிகை விட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் சேரும் என்பது அவருக்கு மனக்கணக்கு. அறுவடையில் களத்து மேட்டில் அளந்து போட்ட நெல் அவருக்குக் கூலி. கரை உடையாமல் காத்தவர் ஊர்க் கோயிலுக்குள் மட்டும் போக முடியாது. பம்புசெட் வந்த பிறகு ஏரிப் பாசனம் சுருங்கியது, நீர்க்கட்டியின் தேவையும் குறைந்தது. அந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். ஏரியின் எந்தப் பகுதியில் பள்ளம், எங்கே சேறு காலைப் பிடிக்கும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்பவர்தான் இல்லை. தமிழ் முதுகலை வகுப்பில் குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். வாய்க்கால் ஓரத்து 30 கீரைகளின் பெயர் சொல்லும் பாட்டியின் அறிவுக்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் கிடையாது.

இதைச் சொன்னால் நம் பெற்றோரே முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. 'நாங்கள் சேற்றில் கிடந்தது போதாதா, பிள்ளையையும் ஏரிக்கு அனுப்பச் சொல்கிறீர்களா' என்று ஒரு தாய் கேட்டால் அதை அறியாமை என்று தள்ளக் கூடாது. நீர்க்கட்டி வேலை விரும்பி எடுத்த தொழில் அல்ல, பிறப்பால் சுமத்தப்பட்டது. கிராமத்தைப் பொன்னுலகமாகப் போற்றியவர்களை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசியதன் பின்னால் இந்த அனுபவம்தான் இருந்தது. நிலமில்லாதவருக்கு வயல் என்பது கூலிக்கு நிற்கும் இடம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் வழியாகப் பிறந்த பஞ்சமி நிலங்கள் கையில் இருந்திருந்தால், நம் பிள்ளைகளும் மண்ணை வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள்.

ஆகவே பழைய ஊழியத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஊழியம் ஒழியட்டும். அதோடு சேர்த்து அறிவையும் குப்பையில் போட வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு இருளர் பழங்குடியினரே சாட்சி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத் தோல் வணிகம் நின்றபோது அவர்கள் பிழைப்பு அறுந்தது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் விருது வந்த பிறகும் நம் பள்ளிகளில் எத்தனை வகுப்பறைகள் ஓர் இருளரை ஆசிரியராக அழைத்தன? பாம்பு பிடிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரச் சொல்லவில்லை, அது ஆபத்து. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அடையாளம் காணவும், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருக்கவும், கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், நேராக மருத்துவமனைக்குப் போகவும் அவர்களை விட நன்றாக யார் சொல்லித் தர முடியும்?

நீச்சலுக்கு வருவோம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீச்சல் குளம் கட்டினால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். வங்கதேசத்தில் கிராமத்துக் குளத்துக்குள் மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, அதே ஊர் இளைஞர்களைப் பயிற்றுநர்களாக்கி, ஏராளமான பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தந்திருக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், மூழ்குபவரைக் கரையிலிருந்தே காப்பாற்றத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் பாடம். மூங்கிலும் ஏரியும் இளைஞர்களும் நம்மிடம் இல்லையா?

அரசு மனம் வைத்தால் இதற்கு மேலும் நடக்கும். அன்றைய ஆந்திரப் பிரதேச அரசின் சமூக நல உறைவிடப் பள்ளிகள் தம் மாணவர்களைப் புவனகிரிப் பாறையில் ஏறப் பழக்கின, டார்ஜிலிங்குக்கு அனுப்பின. 2014 மே 25 அன்று 13 வயதுப் பழங்குடி மாணவி மாலாவத் பூர்ணாவும் தலித் மாணவர் ஆனந்த் குமாரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். நம் ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகளுக்கு எவரெஸ்ட் வேண்டாம், வேடந்தாங்கலாவது காட்டலாம். விடுதியில் சோறும் பாயும் கிடைத்தால் போதும் என்று யார் முடிவு செய்தது?

நாம் செய்யக் கூடியதும் உண்டு. சேரிகளில் அம்பேத்கர் மன்றங்களும் மாலைநேரப் படிப்பகங்களும் இருக்கின்றன. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களாக இருந்த நம் பெண்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, கணக்குப் பாடத்துக்குப் பதிலாக ஏரிக்கரைக்குப் போகலாம். காலநேரம் முக்கியம். மே மாத முகாம் நம் ஏரிகளுக்குப் பொருந்தாது, பாதி ஏரி அப்போது வறண்டிருக்கும். தை முதல் பங்குனி வரை, நீர் இறங்கி வரும் நாட்களில் ஆழம் தெரிந்த ஓரமாகத்தான் பழக வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர், தனி நேரம், உடை மாற்ற ஒரு மறைப்பு கட்டாயம். இல்லாவிட்டால் அவர்கள் கரையிலேயே நின்றுவிடுவார்கள், மூழ்குபவர்களில் அவர்களே மிகுவார்கள். நீந்தத் தெரிந்தவரும் உடனே குதிக்கக் கூடாது, சேலையையோ கயிற்றையோ காலிக் கேனையோ வீச வேண்டும் என்பது முதல் பாடமாகட்டும். கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் உயிரைக் குடிக்கும். மூச்சு இல்லையென்றால் தாமதிக்காமல் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தி, 108ஐ அழைக்க வேண்டும். இதை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே வந்து செய்து காட்டலாம்.

கற்றுத் தரும் நீர்க்கட்டி முதியவருக்கும் இருளர் பெரியவருக்கும் கீரை தெரிந்த பாட்டிக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். பயிற்றுநர் என்ற பெயரில், நாள் கணக்கில் மதிப்பூதியம் தர வேண்டும். களத்து மேட்டில் மிஞ்சியதை வாங்கிய காலம் போதும்.

மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. தண்ணீர் பற்றிய உறுதிமொழி வாசித்துக் கலைவதே வழக்கம். இந்த முறை சேரியிலிருந்து எழுத்து மூலம் ஒரு தீர்மானம் போகட்டும். நம் ஊர் ஏரியில் மண் அள்ளிய பள்ளங்களை அளந்து, சரிவாக்கி, அதுவரை கம்பு நட்டு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். ஏரிக்கரையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து நீச்சல் பழகத் துறை ஒன்றை ஒதுக்க வேண்டும். அதைச் சேரிப் பக்கம் தனியாகவும் ஊர்ப் பக்கம் தனியாகவும் வைக்க முயன்றால் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் மனுவின் நகல் நீர்வளத் துறைக்கு, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.